காசு வாங்காத உட்வர்ட்

அன்புள்ள ஐயா,

விவியன் உட்வர்ட் பற்றிப் படித்தேன். கால்பந்தில் இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 29 கோல். ஒரு பைசா சம்பளம் வாங்கவில்லை. இன்று கோடிகளுக்கு விலை போகிறவர்கள் வெறும் கூலிக்காரர்கள் என்றுதான் தோன்றுகிறது. இங்கிலாந்தின் அமெச்சூர் அணிக்காக, அதாவது சம்பளம் வாங்காதவர்கள் மட்டும் ஆடும் அணிக்காக, அவர் அடித்த கோல்களையும் அந்த 29 உடன் சேர்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சேர்க்கக் கூடாது, அது தனிக் கணக்கு. கோடிகளைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது, விடுங்கள். ஆனால் போகிற போக்கில் 'வெறும் கூலிக்காரர்கள்' என்று எழுதிவிட்டீர்களே, அதை விட முடியவில்லை. போன வாரம்தான் ஒரு விழாக்காரர், "உங்களை மாதிரி ஆளெல்லாம் பணத்துக்கா பேசுகிறீர்கள்?" என்று போனில் குழைந்தார். பந்தல்காரருக்கும் மைக் செட்காரருக்கும் அட்வான்ஸ் போயாயிற்று. ரயில் டிக்கெட் மட்டும் நானே எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

உட்வர்ட் கட்டடக் கலைஞர். பந்தை நம்பி அவர் வீட்டில் உலை வைக்கவில்லை. வட இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலையில் தறி ஓட்டியவனுக்கோ, ஆடுவதற்காக வேலையை விட்டுப் போனால் அந்த நேரத்துக் கூலி போச்சு. அதை ஈடுகட்டிக் கொடுத்ததற்கு எத்தனை ரகளை! 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, நெசவாளிகளும் குழாய் வேலைக்காரரும் ஆடிய அணி, பணக்காரர் பள்ளியான ஈட்டனின் பழைய மாணவர்களை 2-1 என்று தோற்கடித்து, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையை வடக்கே கொண்டுபோனது. அதுவரை அது கனவான்கள் வீட்டுப் பாத்திரம். அடுத்த வருடமே பிரஸ்டன் அணி ஆட்களுக்குக் காசு கொடுக்கிறது என்று லண்டன்காரர்கள் புகார் செய்தார்கள். பிரஸ்டன் அணியை நடத்திய வில்லியம் சடெல் மழுப்பவில்லை, ஆமாம் என்றார். போட்டியிலிருந்து வெளியே தள்ளினார்கள். 1885இல் வேறு வழியில்லாமல் சங்கத்தார் சம்பளத்தை அனுமதித்தார்கள். அப்புறமும் மனசு ஆறாமல் 1901இல் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு போட்டார்கள். லண்டன் அணியான செல்சியில் உட்வர்டுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தவர்கள் இந்தக் கூலிக்காரர்கள்தான், ஐயா!

உட்வர்டை எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் அவரைத் தவறான காரணத்துக்குக் கொண்டாடுகிறீர்கள். 1915 ஏப்ரலைப் பாருங்கள். போர் நடந்துகொண்டிருக்கிறது. செல்சி முதல்முறையாகக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. முன்கள வீரர் பாப் தாம்சன், ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர், காயத்தோடு இருக்கிறார். பட்டாளத்தில் இருந்த உட்வர்டுக்கு லீவு கிடைக்கிறது. வயது 35. அணித்தலைவராக 1908, 1912 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவருக்கு இந்தக் கோப்பை ஒன்றுதான் பாக்கி. கடைசி நேரத்தில் தாம்சன் தேறிவிட்டார். அணியை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர்தான் ஆட வேண்டும் என்று சொல்லி உட்வர்ட் ஒதுங்கிக்கொண்டார். ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம் செல்சி 3-0 என்று தோற்றது. அடுத்த வருடம் போர்முனையில் கையெறி குண்டு உட்வர்டின் தொடையைப் பதம் பார்த்தது. பெரிய ஆட்டங்கள் அதோடு சரி.

29ஓ 30ஓ, இருந்துவிட்டுப் போகட்டும். அந்தத் தாம்சனைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படியுங்கள். ஒற்றைக் கண்ணோடு, பறந்து வரும் பந்தை எப்படிக் கணித்தார் என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.