33க்குள் ஒரு ரகசியம்

அன்புள்ள ஐயா,

பத்து வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கிரிப்டோகிராஃபியை, அதாவது தகவலை ரகசியமாக்கிக் காக்கும் கலையை, முறையாகப் படிக்க ஆசை. நான் பி.காம்.; கணக்கு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. நுண்கணிதம், இயற்கணிதம் எல்லாம் முடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

நுண்கணிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் வேண்டியது வகுத்தால் வரும் மீதி. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தை எடுங்கள். யூக்ளிட் வகுத்தல் முறையும் மீதிக் கணக்கும் அதிலேயே இருக்கின்றன.

அப்புறம் ஒரு தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். 3, 11 இரண்டும் பகா எண்கள், பெருக்கினால் 33. அனுப்ப வேண்டிய ரகசியம் 4. அதன் மூன்றாம் அடுக்கு 64. 33ஆல் வகுத்தால் மீதி 31. அதை அனுப்புகிறீர்கள். வாங்கியவர் 31இன் ஏழாம் அடுக்கை 33ஆல் வகுக்கிறார், மீதி 4! (31க்குப் பதில் -2 என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்காகவே வரும்.) அடுக்கு 3க்கு 7 எப்படி ஜோடியானது? இரண்டு பகா எண்களிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் 20. மூவேழு 21, அதை 20ஆல் வகுத்தால் மீதி 1. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் 1977இல் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியமாக்கும் முறை இதுதான். இன்று 33 இருக்கும் இடத்தில் 617 இலக்க எண் நிற்கிறது. அதைப் பகா எண்களாகப் பிரிக்கத் தெரியாதவருக்கு அந்த 20 கிடைக்காது, 20 இல்லாமல் ரகசியத்தைத் திறக்கும் 7உம் கிடைக்காது. இது ஏன் எப்போதும் சரியாக வருகிறது என்பதை ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை வைத்து நீங்களே நிரூபியுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

அடுத்தது நிகழ்தகவு. பலரும் தாண்டிப்போகும் இடம் இது, தாண்டாதீர்கள். மேலே போட்ட கணக்கில் 4ஐ எத்தனை முறை அனுப்பினாலும் 31தான் வரும். பதில் 'ஆம்', 'இல்லை' இரண்டில் ஒன்று என்றால், ஒட்டுக்கேட்பவர் இரண்டையும் பொதுச் சாவியால் (எல்லோருக்கும் தெரிந்த 33, 3) பூட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஒவ்வொரு முறையும் தற்செயல் எண் ஒன்றைக் கலந்தாக வேண்டும். கணினி அறிஞர்கள் கோல்ட்வாசரும் மிக்காலியும் 1982இல் இதைச் சொன்ன பிறகுதான் பொதுச் சாவி முறைகளில் 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கே துல்லியமான வரையறை வந்தது.

புத்தகம் ஒன்று போதும்: காட்ஸ், லிண்டெல் எழுதிய 'இன்ட்ரொடக்‌ஷன் டு மாடர்ன் கிரிப்டோகிராஃபி'. எண் கோட்பாடு அதில் பாதிக்கு மேல்தான் வருகிறது. அதுவரை நிகழ்தகவே துணை. குலங்கள், நீள்வட்ட வளைவுகள் எல்லாம் தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம். முதல் மூன்று அத்தியாயப் பயிற்சிகளை மட்டும் ஒன்றுவிடாமல் போடுங்கள். மாட்டிக்கொண்டால் போட்ட தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.