பெரிய ஐடி நிறுவனத்தில் ‘பெஞ்ச்’ என்றால் என்ன? அது நல்லதா, கெட்டதா?

ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை, வாடிக்கையாளர் வேலை எதுவும் இல்லாமல் சம்பளம் வாங்கும் காலம்தான் பெஞ்ச். ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு ஆள் தேடினால் மாதக்கணக்கில் இழுக்கும். வேலையை விடுபவர் பழைய இடத்தில் தொடர வேண்டிய நோட்டீஸ் பீரியடே பல இடங்களில் 90 நாள். அதனால் ஆட்களை முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள், டெப்போவில் நிற்கும் ஸ்பேர் பஸ் மாதிரி. சிறிய நிறுவனத்தால் இந்தச் செலவைத் தாங்குவது கடினம். பெரிய இடத்தின் உண்மையான பலம் இதுதான்.

ஆனால் அடுத்து எந்தத் தொழில்நுட்பம், எந்த ஊர் என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. ஜாவா புரோகிராமிங் படித்தவரை, ஏற்கெனவே ஓடும் மென்பொருளைப் பராமரிக்கும் சப்போர்ட் வேலையில் போடுவதும் நடக்கும். எனக்குப் பெரிய கவலை அதுதான். காத்திருக்கும் காலமும் குறைந்துவருகிறது: டிசிஎஸ் நிறுவனம் 2025 ஜூனில் பெஞ்சுக்கு ஆண்டுக்கு 35 வேலை நாள் என்று வரம்பு வைத்தது.

பெஞ்சில் இருப்பவர் திறமையில்லாதவர் என்று பலர் நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் புராஜெக்டை முடித்துக்கொண்டாலே நல்ல வேலைக்காரரும் பெஞ்சுக்குத்தான் வருவார்.