சம்பா கேட்டால் நெல் வருகிறதா?

அறிவியல்நகர் மாணவர்: பைதனில் ‘நெல்’ தாய் கிளாஸ், அதிலிருந்து ‘சம்பா’வைப் பிள்ளை கிளாஸாக எடுத்தேன். ஒப்ஜெக்ட் செய்து தரும் ஃபாக்டரி மெதட்டைச் சம்பாவில் அழைத்தாலும் நெல் ஒப்ஜெக்ட்தான் வருது.

மெதட்டுக்குள் ‘நெல்’ என்று பெயரையே எழுதி வைத்திருக்கிறீர்கள், வேறென்ன வரும்? ஸ்டாட்டிக்மெதட்டைக் கழற்றி கிளாஸ்மெதட் போடுங்கள். முதல் ஆர்கியூமென்டாக சிஎல்எஸ் (cls), அதாவது கூப்பிட்ட கிளாஸ், வரும், அதையே அழையுங்கள். சம்பாவிலிருந்து கூப்பிட்டால் அது சம்பாவாகவே இருக்கும்.

வவுனியா வாசகி: அப்படி மாற்றியும் டைப்எரர்.

தங்கச்சி, பிழைச்செய்தியை முழுதாக அனுப்புங்கள். பெரும்பாலும் பிள்ளையின் இனிட் (ஒப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் __init__) தாயைவிடக் கூடுதலாக ஒன்று கேட்கும், தாயின் ஃபாக்டரி அதைக் கொடுக்காது. டிஃபோல்ட் பெறுமதி வையுங்கள். வைக்க முடியாவிட்டால் ஃபாக்டரியைப் பிள்ளையில் திரும்ப எழுதுங்கள்.

மாங்குளம் வாசகர்: நாடு, சம்பா, கீரிச்சம்பா என்று ஒவ்வொரு நெல்லினத்துக்கும் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு இஃப். எல்லாம் தாய் கிளாஸில். இம்போர்ட் பிழை வருது.

இதை எத்தனை தரம் எழுதுவது? தாய்க்குள் பிள்ளையின் பெயர் இருக்கக்கூடாது! நெல் ஃபைல் சம்பாவை இம்போர்ட் பண்ணுது, சம்பா திரும்ப நெல்லைக் கேட்குது. நெல் அப்போது பாதிதான் ஏறியிருக்கும், அதனால் விழுது. இம்போர்ட்டை ஃபங்ஷனுக்குள் தள்ளினால் பிழை மறையும். ஆனால் புது இனம் வந்தால் தாய் ஃபைலைத்தான் மறுபடி திறக்க வேணும். தாயில் ஒரு டிக்ஷனரி வையுங்கள். பைதன் 3.6 முதல் இனிட்சப்கிளாஸ் (__init_subclass__) இருக்கிறது, பிள்ளை கிளாஸ் உருவாகும்போது தாயில் தானாக ஓடும். பிள்ளை கிளாஸ் உருவாகும்போதே தன் குறியீட்டை அதில் பதியட்டும், ஃபாக்டரி அதைப் பார்த்து எடுக்கட்டும். குறியீடு ஏற்கெனவே இருந்தால் பிழை எழுப்புங்கள், இல்லையேல் கீரிச்சம்பா சத்தமில்லாமல் சம்பாவை அழித்துவிடும். இன்னொன்று: இம்போர்ட் ஆகாத ஃபைல் பதியாது. குறியீடு டிக்ஷனரியில் இல்லை என்று கீஎரர் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

முல்லைத்தீவு வாசகர்: ஜாவாவில் ஸ்டாட்டிக் ஃபாக்டரியை ஓவர்ரைட் செய்யலாமா?

முடியாது, மறைக்கத்தான் முடியும். ஒப்ஜெக்ட் மெதட்டாக்குங்கள்.

பெயர் போடாதவர்: கோட் ஓடுதில்லை, உதவவும்.

எந்த மொழி, என்ன பிழை? பிழைச்செய்தி இல்லாத கடிதத்துக்கு இதுதான் பதில்.

மல்லாவி வாசகர்: சி பிளஸ் பிளஸ்ஸில் ஃபாக்டரி திருப்பித் தந்ததில் பிள்ளையின் தரவைக் காணவில்லை.

தாய் ரைப்பை நேரடியாகத் திருப்பியிருக்கிறீர்கள் தம்பி, பிள்ளையின் பகுதி வெட்டுப்பட்டுவிட்டது. யுனீக் பொயின்டராகத் (unique_ptr) திருப்புங்கள். ஒப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரைத் தாயில் வேர்ச்சுவல் ஆக்க மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் பிள்ளை திறந்த ஃபைல் மூடப்படும் என்று நம்ப முடியாது.