வரவேற்கப் போகாத முதல்வர்

கேள்வி: 1990-ல் இலங்கையிலிருந்து திரும்பிய இந்திய அமைதிப்படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. நாட்டுக்காகச் சண்டை போட்டவர்களை இப்படியா நடத்துவது?
— ராணுவக் குடும்பத்து வாசகர், வேலூர்

பதில்: போகாதது தவறுதான். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல.

ஈழத் தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பதுதான் கலைஞரின் வாதம். அது கற்பனை இல்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த அமைதிப்படை டாக்டர்களையும் நர்சுகளையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது. 'நாட்டுக்காகச் சண்டை போட்டவர்கள்' என்ற சால்வையைப் போர்த்தி இதையெல்லாம் மறைக்க முடியாது. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் ஆளைப் பறிகொடுத்த குடும்பத்தின் கோபத்துக்கு அது பதிலாகாது.

சுட்டது யார், உத்தரவிட்டது யார் என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கப்பலிலிருந்து இறங்கிய அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டினோம். அதில்தான் எனக்கு வருத்தம்.

அந்த வீரர்கள் யார்? அமைதி காக்கப் போகிறோம் என்று 1987 ஜூலையில் போனவர்கள். அக்டோபரில் அவர்களையே விடுதலைப் புலிகளோடு சண்டை போடச் சொன்னார்கள். யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் நள்ளிரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கிய வீரர்கள் 30 பேர். உயிரோடு மிஞ்சியது ஒருவர். அவரும் புலிகளிடம் கைதி. இந்தத் திட்டத்தைப் போட்டது அந்த முப்பது பேரா? அடுத்த மாதம் நெஞ்சில் குண்டு பாய்ந்து இறந்த மேஜர் பரமேஸ்வரன் ஒரு தமிழர்; பரம்வீர் சக்ரா வாங்கியவர். அவர் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

படையை அனுப்பிய ராஜீவ் 1990 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்திருந்தார். கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டிருக்கலாம். துப்பாக்கியும் டிரங்குப் பெட்டியுமாக வந்திறங்கிய சிப்பாயிடம் முகத்தைத் திருப்புவது சுலபம், செலவும் இல்லை.

சரி, டெல்லி மட்டும் கொண்டாடியதா? தலைநகரில் தேசியப் போர் நினைவகம் திறந்ததே 2019-ல்தான். அதற்கு முன்பே அமைதிப்படையில் இறந்த சுமார் 1,200 பேரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த நாடு எது தெரியுமா? 'மூட்டையைக் கட்டுங்கள்' என்று அந்தப் படையை விரட்டிய இலங்கை! கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே நகரில் இருக்கிறது.

வேலூர்க்காரர் என்கிறீர்கள். உங்கள் தெருவிலேயே 'ஆபரேஷன் பவன்' என்று யாழ்ப்பாணத்தைப் பிடிக்க அமைதிப்படை நடத்திய சண்டைக்குப் போய்வந்த யாராவது இருக்கக்கூடும். இப்போது ஏதோ ஏடிஎம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கே என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று அவரிடம் யாராவது கேட்டிருக்கிறோமா? கேன்டீன் ரம் கிடைக்குமா என்று கேட்டதோடு சரி.