ஆலாவும் வரையாடும்: கேள்வி பதில்

மார்த்தாண்டம் வாசகர்: கடலிலேயே சுற்றுகிற ஆலாப் பறவை குடிநீருக்கு எங்கே போகும்? மலையில் மேயும் வரையாட்டுக்கு அந்தக் கவலை இல்லையே?

பதில்: கடல்நீரைத்தான் குடிக்கும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நாம் குடித்தால் அதை வெளியேற்றவே உடம்பு வற்றிவிடும். ஆலாவுக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி உண்டு. ரத்தத்தில் மிஞ்சிய உப்பைப் பிரித்து, கடல்நீரைவிடக் கரிக்கிற நீராக மூக்குத் துளை வழியே விடும். அலகு நுனியில் சொட்டு தொங்கும், தலையை ஒரு உதறு, அவ்வளவுதான். வரையாட்டின் பாடு நேர்மாறு. ஓயாத மழை மலை மண்ணின் உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும், புல்லிலும் சப்பென்றுதான் இருக்கும். அதனால் மண்ணையும் பாறையையும் தேடி நக்கும்.

மூணாறு வாசகர்: அப்படியானால் உப்பு வைப்பது நல்லதுதானே சார்? தாத்தா எஸ்டேட்டில் இருந்த காலத்தில் ராஜமலையில் வைப்பார்களாம்.

பதில்: வைத்தார்கள். அங்கே ஆடுகள் ஆளைக் கண்டு மிரளாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் வாய்வைத்தால் நோய் தொற்றும். உப்பும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம்.

மூணாறு வாசகர்: ஆடு பெருகியதே அப்போதுதான் சார்.

பதில்: உப்பாலா பெருகியது? வேட்டையைத் தடுத்து, அங்கத்திய பழங்குடிகளான முதுவர்களைக் காவலுக்கு வைத்ததால் பிழைத்தது. 1978-இல் ராஜமலை உள்ள அந்தப் பகுதி இரவிகுளம் தேசியப் பூங்காவும் ஆனது.

போடி வாசகர்: அண்ணே, நானும் மூணாற்றுக்காரர் கட்சி. கொஞ்சம் உப்பில் என்ன கெட்டுவிடும்?

பதில்: நோய் தொற்றும் என்று மேலே சொன்னதைப் படியுங்கள் தம்பி. குட்டி போடுகிற நேரமென்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவையே மூடுகிறார்கள். நீங்கள் உப்புப் பொட்டலத்தோடு கிளம்புகிறேன் என்கிறீர்கள்!

குளச்சல் வாசகர்: ஆடிக் காற்றில் கருமுதுகு ஆலா ஒன்று கரையில் விழுந்து கிடக்கிறது. கடலில் விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. அதன் இறகு நனைந்துவிடும். கடற்காகம் மாதிரி மிதந்து இளைப்பாற முடியாது, களைத்திருந்தால் மூழ்கிவிடும். துளையிட்ட அட்டைப் பெட்டியில், சத்தமில்லாத இடத்தில் வைத்து வனத்துறையைக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

களியக்காவிளை வாசகர்: எதற்குக் குஞ்சு குட்டி அதிகம்?

பதில்: கருமுதுகு ஆலா ஒரு முட்டைதான் இடும், லட்சத்தீவின் பிட்டி மணல்திட்டு மாதிரி இடங்களில். வரையாடும் பெரும்பாலும் ஒரு குட்டிதான். ஆனால் அந்த ஆலா 30 வருடம் தாண்டியும் வாழும். காட்டில் வரையாடு 10 வயதைத் தொடுவதே அபூர்வம்.

செங்கோட்டை வாசகர்: படமெடுக்க எந்த லென்ஸ்?

பதில்: கேமராக்காரர்களைக் கேளுங்கள்.

போடி வாசகர்: கல்லுப்பு என்றால் பரவாயில்லையா அண்ணே?

பதில்: தம்பி!