இறைச்சி உறைக்குள் ஒரு படிப்பு இருக்கிறது

அன்புள்ள அம்மா,

மகளை மூன்றாவது முறையாக மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வைப்பதா, இல்லை வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டி இடம் வாங்கிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இரண்டுமே வேண்டாம். "டாக்டர் ஆகாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று அவளுடைய பெரியப்பா கேட்கிறாராம். அந்த நாலு பேரில் ஒருவராவது கடன் தவணையில் பங்கு போடுவதாகச் சொன்னாரா? சொல்லியிருந்தால் மேலே பேசலாம்.

நீங்கள் குறையாக எழுதிய ஒரு விஷயம்தான் என் கண்ணில் பட்டது. இறைச்சி பாக்கெட்டின் அடியில் இருந்த வெள்ளைப் பட்டையைக் கிழித்து, உள்ளே என்ன என்று நோண்டிக்கொண்டிருந்தாளாம். அது இறைச்சியிலிருந்து கசியும் நீரை உறிஞ்சுவதற்காக வைப்பது. பாக்டீரியா செழித்து வளர்வது அந்த நீரில்தான். அதனால் அந்தப் பட்டையிலும், மேலே மூடும் பிலிமிலும் கிருமியை அடக்கும் பொருளைச் சேர்க்க முடியுமா என்று பல ஆய்வகங்களில் வேலை நடக்கிறது. கிருமியை அடக்கும் உணவு உறை, அதாவது பேக்கேஜிங், உறவினர் யாருக்கும் தெரியாத துறை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜின் 4 டிகிரி குளிரிலும் மெதுவாக வளரும். 2017-18இல் தென்னாப்பிரிக்காவில், அப்படியே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சி வழியாக அது பரவி ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இறைச்சியை வேகவைக்கும்போது இந்தக் கிருமி செத்துவிடும். வெந்த பிறகு வெட்டி அடுக்கும்போதுதான் மறுபடி மேல்பரப்பில் தொற்றுகிறது. அந்த மேல்பரப்பை ஒட்டிக்கொண்டு கிடப்பது பிலிம். அப்படியானால் பிலிமே கிருமியோடு மல்லுக்கட்டினால் என்ன?

கேட்க எளிது. நைசின் என்று ஒரு பொருள், பால் சார்ந்த ஒருவகை பாக்டீரியா தானே சுரப்பது. பல நாடுகளில் உணவில் சேர்க்க அனுமதி உண்டு. லிஸ்டீரியாவை நன்றாக அடக்கும். ஆனால் உணவை நஞ்சாக்கும் வேறு பாக்டீரியாக்களான சால்மோனெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. அதைத் தாண்டி நைசின் தனியாக உள்ளே போகாது, துணைக்கு இன்னொரு வேதிப்பொருள் வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கிப் பிலிம் இழுக்கும் சூட்டில் நைசினின் வீரியம் போய்விடும். எனவே மேலே பூச வேண்டும், அல்லது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் குறைந்த சூட்டில் படலம் செய்ய வேண்டும். மருந்து முதல் நாளே முழுக்க வெளியேறினால் அப்புறம் காவல் இல்லை. மிக மெதுவாக வந்தால் கிருமி முந்திக்கொள்ளும். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் அகார் தட்டில், தன்னைச் சுற்றிக் கிருமி வளராத அழகான தெளிவு வட்டம் காட்டிய பிலிம், நிஜ இறைச்சியில் கொழுப்பும் புரதமும் மருந்தைப் பிடித்துக்கொள்வதால் சொதப்பும். ஓரிகானோ எண்ணெய் கொல்லும். ஆனால் இறைச்சி முழுக்க அந்த வாசனை. எல்லாம் சரியாக வந்தாலும், உறையிலிருந்து உணவுக்குள் என்னென்ன போகிறது என்று சட்டம் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்றே 450/2009 என்ற விதி இருக்கிறது.

99.9 சதவீதம் கொல்லும் என்ற விளம்பரத்தில் மயங்காமல் இருக்கவும் இந்தப் படிப்பு கற்றுத்தரும். பத்து லட்சம் கிருமியில் அது போக மிச்சம் ஆயிரம். குளிர்பதனம் சரியில்லை என்றால் அந்த ஆயிரம் பெருக அதிக நேரம் ஆகாது. எப்பேர்ப்பட்ட உறையும் சுத்தத்துக்கு மாற்றாகாது.

இளநிலையில் நுண்ணுயிரியலோ உணவுத் தொழில்நுட்பமோ எடுக்கட்டும். பிளாஸ்டிக் போன்ற பொருள்களைப் பற்றிய பாலிமர் வேதியியலை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். பேக்கேஜிங்கை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம். பெயரில் 'நானோ' ஒட்டி, கட்டணத்தை ஏற்றி வைத்திருக்கும் இளநிலைப் படிப்புகளில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கல்லூரியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிலிம் இழுக்கும் இயந்திரத்தை மாணவர்கள் தாங்களே ஓட்டுகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா?

முதல் வேலை பெரும்பாலும் தரக் கட்டுப்பாட்டிலோ, உணவு எத்தனை நாள் தாங்கும் என்று சோதிக்கும் பிரிவிலோ கிடைக்கும். ஆரம்பச் சம்பளம் கல்யாண வீட்டில் பெருமை பேசும் அளவுக்கு இருக்காது. பச்சை இறைச்சி வாடையில் நின்று தட்டு தட்டாகக் காலனி, அதாவது கிருமி வளர்ந்து திரண்ட புள்ளிகளை, எண்ண வேண்டியிருக்கும்.

அதனால் எங்கும் கட்டணம் கட்டும் முன், உணவு நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் சில வாரம் அவளை உதவிக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் முடிவை அவளிடம் கேளுங்கள். பெரியப்பா அப்போது பக்கத்தில் இருக்க வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் சொல்லட்டும், வேறு வழி பார்ப்போம்.