மேக்பெத் படிக்கிறேன், வரிக்கு வரி அகராதி பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சொற்களை எப்படிக் கற்றுக்கொள்வது?

இப்படி வரிக்கு வரி அகராதியைப் புரட்டினால் இந்த ஜென்மத்தில் முடிக்க மாட்டீர்கள். இத்தனைக்கும் ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே சின்னது இதுதான். புரியாத சொல் வந்தால் நிற்காமல் அடுத்த வரியையும் படித்துவிடுங்கள், பல இடங்களில் அர்த்தம் அங்கேயே கிடக்கும்.

இரண்டாம் அங்கத்தில் ராஜாவைக் கொன்றுவிட்டு வரும் மேக்பெத் தன் ரத்தக் கையைப் பார்த்துப் புலம்புகிறான்: கடல் முழுக்கக் கொட்டிக் கழுவினாலும் இது போகாது, இந்தக் கைதான் கடல்களையே 'இன்கார்னடைன்' ஆக்கிவிடும். அது என்ன என்று நாம் விழிப்பதற்குள், பச்சை நிறம் ஒரே சிவப்பாகிவிடும் என்று அவனே சொல்லிவிடுகிறான். 1606 வாக்கில் ஒரு பென்னி கொடுத்து நின்றுகொண்டே நாடகம் பார்த்த கூட்டத்திலும் பலருக்கு அந்த லத்தீன் வாடைச் சொல் புதுசாகத்தான் இருந்திருக்கும்.

முதல் அங்கத்தில் ஒரு சூனியக்காரி கதை சொல்வாள். மாலுமியின் பெண்டாட்டி மடி நிறைய செஸ்ட்நட் கொட்டைகளை வைத்துக்கொண்டு மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். எனக்கும் கொடு என்றால் 'அராய்ன்ட் தீ' என்கிறாள். இந்த அராய்ன்ட் எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களுக்கே பிடிபடவில்லை. ஆனால் கொட்டை தர மனசில்லாதவள் வேறென்ன சொல்லியிருப்பாள், 'போடி அந்தப் பக்கம்' தான்!

நிஜத்தில் ஏமாற்றுவது நமக்குத் தெரிந்த சொற்கள். தான் ஆள் வைத்துக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவியிடம் உன் கண்ணில் 'ஸ்பெகுலேஷன்' இல்லை என்கிறான் மேக்பெத். பங்குச் சந்தையை நினைத்துக்கொண்டு படித்தால் ஒன்றும் விளங்காது, அங்கே அதற்குப் பார்வை என்று பொருள். துரோகி ஒருவனுக்கு ராஜா டங்கன் விதிக்கும் 'பிரசன்ட் டெத்' உடனடி மரணம். இவற்றில் சந்தேகமே வராது என்பதால் அகராதியையும் தேட மாட்டோம், அதற்காகவே குறிப்புள்ள பதிப்பு வேண்டும். ஃபோல்ஜர் பதிப்பில் வலப்பக்கம் நாடகம், அதற்கு நேர் எதிரே இடப்பக்கம் குறிப்பு, கண்ணைத் திருப்பினால் போதும்.

அப்புறம், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யாதீர்கள். படுகொலை என்று பொருள்படும் 'அசாசினேஷன்' இதே நாடகத்தில் வருகிறது, இன்றும் புழங்குகிறது, அதை வரியோடு சேர்த்து எழுதி வையுங்கள். அராய்ன்டை அந்த மாலுமி பெண்டாட்டியிடமே விட்டுவிடலாம், மேனேஜருக்கு எழுதும் மெயிலில் அது உதவாது.